நடிகரோடு ஒரு மாலை, பிள்ளைகளுக்காக: நிதி திரட்டும் உரையாடல் நிகழ்ச்சியை நடத்துவது எப்படி

குழந்தைகள் இல்லம் ஒன்றுக்காக நாங்கள் நடத்திய முதல் நிகழ்ச்சியில், சிறப்பு விருந்தினரை வரவேற்க ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பூங்கொத்தோடு வாசலில் நிற்க வைத்தோம். ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன நடிகர் ஏழு மணிக்கு வந்தார். அதுவரை பையன் உட்காரவில்லை. பூங்கொத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் அவன் கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தப் புகைப்படம் வெளியானது. கீழே அவன் பெயரும் இல்லத்தின் பெயரும் இருந்தன. பள்ளியில் அதுவரை யாருக்கும் தெரியாத விஷயம், திங்கட்கிழமை காலை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தத் தப்பு எங்களுடையது. படம் எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவன் கையில் பூங்கொத்தைக் கொடுத்தது நாங்கள்தான்.

அதற்குப் பிறகு நடத்திய எந்த நிகழ்ச்சியிலும் மேடையில் குழந்தை கிடையாது. வசூல் குறையவும் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அரங்கையும் அலுவலகத்தையும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் உரையாடல்? நட்சத்திர விழா என்றால் ஆட்டம், பாட்டு, ஒளியமைப்பு, ஒத்திகை என்று செலவே வசூலைத் தின்றுவிடும். இரண்டு நாற்காலி, இரண்டு மைக், பேசத் தெரிந்த ஒருவர், கேட்கத் தெரிந்த ஒருவர் போதும் என்றால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். தமிழ்நாட்டில் நடிகர் பேச்சைக் காசு கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறது. கையில் தாள் இல்லாமல் சிவகுமார் கம்பராமாயணத்தையும் மகாபாரதத்தையும் மணிக்கணக்கில் பேசியபோது அரங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முதல் படி: பணம் எங்கே போகப்போகிறது?

நடிகரைத் தேடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லம் என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41ஆம் பிரிவின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்பது பதில் ஆகாது. சந்தேகம் வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேட்கலாம், ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது.

இல்லத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, குடி, நோய், சிறை என்று ஏதோ ஒன்று பிரித்திருக்கிறது. பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்தோடு இருந்து வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்தத் தொகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அரசின் பட்டியலில் இடம் கிடைக்காத குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளைத் தேடுவது என் விருப்பம். புதுக் கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது சுலபம், கல்வெட்டில் பெயர் வரும். ஒரு பாட்டி வீட்டு வாடகைக்குத் திரட்டுவது கஷ்டம். இரண்டாவதுதான் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும்.

இரண்டாம் படி: காகிதம்

1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக ரவி சங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசை நிகழ்ச்சி, பின்னால் வந்த நிதி விழாக்களுக்கெல்லாம் முன்னோடி. டிக்கெட் பணம் 2,43,418 டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெரிய தொகை அமெரிக்க வரித்துறையிடம் சிக்கி வருடக்கணக்கில் நின்றது. நிகழ்ச்சியை முன்கூட்டியே யுனிசெஃப் பெயரில் பதிந்து வரிவிலக்குக்கு வழி செய்யாமல் விட்டதுதான் காரணம். அவ்வளவு பெரிய மனிதர்களே காகிதத்தில் கோட்டைவிட்டார்கள் என்பதை எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் முதல் கூட்டத்தில் சொல்வேன். பல் கடிப்பார்கள். பரவாயில்லை.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை இவை. பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். 'இப்போதைக்கு என் ஜிபேயில் போடுங்க, அப்புறம் மாத்திடறேன்' என்று எந்த நல்லவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமைப்புக்கு 80ஜி அனுமதி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி, இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதை மேடையில் பூசி மெழுகாமல் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வராது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறை என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

டிக்கெட்டும் நன்கொடையும் வேறு வேறு. 1,500 ரூபாய் டிக்கெட் வாங்கியவர் அதற்கு ஈடாக ஒரு இருக்கையும் காபியும் பெற்றுக்கொள்கிறார். அதற்கு 80ஜி ரசீது தருவதாக போஸ்டரில் போடாதீர்கள். நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி உண்டா என்பது கட்டணத்தையும் நிகழ்ச்சியின் தன்மையையும் பொறுத்தது. டிக்கெட் அச்சடிக்கும் முன்னால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். லண்டனில் இருக்கும் மாமா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஊருக்கு வந்திருக்கிறார், ரூபாயாகவே தருகிறார். அதுவும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டத்தின் கீழ் எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும், டில்லி பாராளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் அது முதலில் வர வேண்டும். துபாயில் வேலை செய்யும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பியின் பணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே நன்கொடைச் சீட்டில் 'இந்தியக் குடிமகன்/குடிமகள்' என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கேட்பது

பெரிய ஹீரோ வந்தால் அரங்கம் நிறையும், கூடவே பவுன்சர், தடுப்புக் கம்பி, போலீஸ், உடைந்த கண்ணாடிக் கதவு எல்லாம் வரும். வருகிறவர்கள் பார்க்க வருவார்கள், கேட்க வருவதில்லை. பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் 'தலைவா' சத்தம். என் அனுபவத்தில் நாற்பது வருடம் குணச்சித்திர வேடம் போட்டவர்தான் தங்கம். நாடகக் கம்பெனியில் பாய் சுருட்டிய கதையிலிருந்து டப்பிங் தியேட்டர் இட்லி வரை அவரிடம் சரக்கு இருக்கும், நேரத்துக்கும் வருவார்.

இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். மேனேஜர் எண்ணை யாராவது உதவி இயக்குநரிடமோ பிஆர்ஓவிடமோ கேட்டு வாங்குங்கள். காலை பத்துக்குள் பேசினால் எடுப்பார், ஷாட் ஆரம்பித்துவிட்டால் மாலை வரை கிடைக்க மாட்டார். பிறகு ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். அதில் மூன்று தேதிகள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம், பேட்டி எடுப்பவர் யார், பணம் எந்த அமைப்புக்கு, அதன் பதிவு எண், படம் எடுப்பதற்கு என்ன விதி, இவ்வளவும் இருந்தால் போதும். குழந்தைகள் தெய்வங்கள் என்று ஒரு பத்தி எழுதினீர்கள் என்றால் மேனேஜர் அதைத் தாண்டித்தான் படிப்பார்.

பணம் கேட்பாரா? சிலர் கேட்பார்கள், பலர் பெட்ரோலுக்குக்கூட வாங்க மாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை, அது அவர் தொழில். ஆனால் சம்பளம் கொடுத்து அழைத்துவிட்டு 'இலவசமாக வந்திருக்கிறார்' என்று மேடையில் சொல்லாதீர்கள். இன்னொன்று, அவர் பெயரில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார், வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று அரை மணி நேரம் செய்திகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். அவர் கட்சிக்காரர் என்றால் தேர்தல் அறிவிப்புக் காலத்தைத் தவிருங்கள்.

தேதி உறுதி என்று வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வரும் வரை போஸ்டர் கூடாது. வந்த பிறகும் ஹைதராபாதில் ஒரு ஷெட்யூல் இரண்டு நாள் நீண்டால் எல்லாம் போச்சு. ஆகவே, 'வர முடியாமல் போனால் யாரை அனுப்புவீர்கள்?' என்று கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். ஒரு மேனேஜர் சிரித்துவிட்டு, "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே டைவர்ஸ் பேசறீங்களே" என்றார். இருந்தாலும் ஒரு பெயரைச் சொன்னார்.

நான்காம் படி: இடம், நாள், கணக்கு

மார்கழியில் சென்னையின் நல்ல அரங்குகள் சபாக்களிடம் இருக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் மழை. மார்ச், ஏப்ரல் பரீட்சை. ஆகவே ஜனவரி பின்பாதி, பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட். ஞாயிறு மாலை நல்லது. சின்னதாக, பழையதாக, ஓசை நன்றாக இருக்கும் இடமாகப் பாருங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற இடத்தில் கடைசி வரிசைக்கும் நடிகரின் முகம் தெரியும். எங்கே எடுத்தாலும் உள்ளே போய் நின்று உங்கள் கைபேசியில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். கனத்த சுவர்களுக்குள் யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தால் அன்றைய வசூல் அதோடு சரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 இருக்கை. 250 இருக்கை 500 ரூபாய், 100 இருக்கை 1,500, முன்வரிசை 50 இருக்கை 5,000. அத்தனையும் விற்றால் 5,25,000. அரங்கு, ஒலி, வீடியோ, அச்சு, காபி எல்லாம் சேர்த்து 2,50,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,75,000. மாதம் 4,000 வீதம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வருடம், கையில் 35,000. இதே செலவை இரண்டு ஸ்பான்சர்கள் ஏற்றுக்கொண்டால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம், கையில் 45,000. அதனால்தான் முதல் டிக்கெட் விற்பதற்கு முன் செலவுக்கு ஆள் பிடித்துவிடுங்கள் என்கிறேன். நகைக்கடை வைத்திருப்பவரிடம் 'நன்கொடை கொடுங்கள்' என்று கேட்பதைவிட 'அரங்கு வாடகை உங்களுடையது' என்று கேட்டால் சீக்கிரம் முடிகிறது. ஒலிக்காரரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். பேச்சு நிகழ்ச்சியில் மைக் கொய்ங் என்றால் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: பிள்ளைகள் எங்கே?

அவரவர் இடத்தில், வழக்கமான ஞாயிற்றுக்கிழமையில். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரமும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் நலக் குழு போன்ற சட்ட அமைப்பு பிள்ளையின் நலன் கருதி அனுமதித்தால்தான் விலக்கு. இல்ல நிர்வாகி வாயால் சொல்லும் 'பரவாயில்லை' அந்த அனுமதி ஆகாது. முகத்தை மங்கலாக்கிவிட்டு இல்லத்தின் பெயர்ப்பலகையைப் பின்னால் விடுவதும் அடையாளம் காட்டுவதுதான்.

சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். 'இவங்கதான் அந்தப் பசங்க' என்று நானூறு பேர் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடி இருக்கிறது. அதைப் பெரியவர்களே தாங்க மாட்டார்கள்.

அப்படியானால் கொடுப்பவர்களுக்கு எதைக் காட்டுவது? நாங்கள் ஒரு முறை இல்லத்தின் ஒரு மாதப் பட்டியலை எடுத்து அப்படியே திரையில் போட்டோம். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, கருப்பு ஷூ மூன்றாம் நம்பர் இரண்டு ஜோடி, ரிப்பன், பேன் மருந்து ஆறு புட்டி, சமையற்காரம்மாவின் முழங்கால் மாத்திரை. பேன் மருந்தில் அரங்கம் சிரித்தது. சிரித்து முடித்தபோது எல்லாருக்கும் ஒரு வீடு கண்ணில் தெரிந்தது. ஒரு பிள்ளையின் முகமும் அதற்குத் தேவைப்படவில்லை.

வளர்ந்தவர்கள் பேசலாம். 2006இல் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் மேடைகளில், அதன் உதவியோடு படித்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். தானாகக் கேட்டு, தான் விரும்பிய அளவுக்கு, வேண்டாம் என்றால் கடைசி நிமிடத்திலும் விலகலாம் என்ற உறுதியோடு ஒருவர் பேச வந்தால் பேசட்டும். 'அந்த அடி வாங்கின கதையைச் சொல்லும்மா' என்று தூண்டிவிடும் வேலை கூடாது.

ஆறாம் படி: பேச்சைத் தயார் செய்வது

பேட்டி எடுப்பவர் ரசிகராக இருக்கக்கூடாது, நீதிபதியாகவும் இருக்கக்கூடாது. டிவி தொகுப்பாளர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வானொலியில் இருந்த ஒருவர், தமிழ் ஆசிரியர், பத்திரிகைக்காரர் நன்றாகச் செய்கிறார்கள். 'உங்கள் திரைப்பயணம் பற்றி' என்று ஆரம்பித்தால் விக்கிப்பீடியாதான் திரும்பி வரும். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், சின்ன வயதில் பள்ளி ஃபீஸ் யார் கட்டினார்கள், எந்த வேடத்தை இப்போது நடிக்க மாட்டீர்கள் என்று பொருளும் ஆளும் உள்ள கேள்வியாகக் கேளுங்கள். ஃபீஸ் கேள்வியில் பெரும்பாலும் ஒரு பெரியப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்துவிடுவார். நன்கொடைக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

நடிகரிடம் முந்தைய நாளே மூன்று வரி கொடுங்கள். தான் சந்தித்த எந்தப் பிள்ளையின் பெயரையும் கதையையும் சொல்ல வேண்டாம். 'அனாதை' என்ற சொல் வேண்டாம், 'பிள்ளைகள்' போதும். நன்கொடை கேட்கும் பொறுப்பு எங்களுடையது, நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒரு மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "சார் பழக்கத்துல அனாதை ஆசிரமம்னு சொல்லிடுவாரே, என்ன பண்றது?" பேட்டியாளர் உடனே 'இல்லம்' என்று சொல்லித் தொடர்ந்தால் மூன்றாவது முறை அவரே மாறிவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

பார்வையாளர் கேள்விக்கு மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உதவி இயக்குநர் ஒருவர் எழுந்து தன் ஸ்கிரிப்டை இடைவேளை வரை சொல்லிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன், ட்விஸ்ட் நன்றாகத்தான் இருந்தது. சீட்டில் எழுதி வாங்கிப் பேட்டியாளரே படிக்கட்டும்.

ஏழாம் படி: அந்த மாலை

நான்கரைக்கு ஒலிச் சோதனை. காலர் மைக் பட்டுச் சேலையிலும் கஞ்சி போட்ட சட்டையிலும் உரசும், கை மைக் ஒன்று மாற்றாக இருக்கட்டும். ஆறுக்குக் கதவு, ஆறரைக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை மூன்று நிமிடம். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஸ்பான்சர் கௌரவிப்பு எல்லாவற்றையும் காபி நேரத்தில் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சரின் மைத்துனர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

ஆறே முக்காலிலிருந்து ஒரு மணி நேரம் உரையாடல். சிரிப்போ கனமோ உச்சத்தில் இருக்கும்போது, முடிவதற்கு முன்னால், நன்கொடை கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் பாதிப் பேர் பார்க்கிங்கில் இருப்பார்கள். கேட்பவர் அமைப்பின் சமூகப் பணியாளராக இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம், ஒரு தொகை, ஒரு காரியம்: '48,000 ரூபாய் ஒரு பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க ஒரு வருடம். முழுதாகவும் கொடுக்கலாம், நாலு பேர் சேர்ந்தும் கொடுக்கலாம்.' சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில் தொகுப்பாளர் பாட்டுப் போடச் சொல்லுவார், விடாதீர்கள். எல்லாரும் கைபேசியை எடுக்க நேரம் வேண்டும்.

ஒவ்வொரு இருக்கையிலும் க்யூஆர் அட்டை, பேனா, பெயர், முகவரி, பான் எண்ணுக்கு இடம். ஸ்கேன் செய்தால் அமைப்பின் பெயர்தான் வருகிறதா என்று முந்தைய நாள் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பெரிய தொகைக்கு யுபிஐ வரம்பு இடிக்கும், காசோலை வாங்க வாசலில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கட்டும்.

பிறகு சீட்டுக் கேள்விகள், எட்டே காலுக்கு முடிவு. செல்ஃபிக்கு வரிசை வேண்டாம், இருக்கை வரிசைக்கு ஒரு குழுப்படம் போதும்.

எட்டாம் படி: மறுநாள் முதல்

ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள். காபிக்கு எவ்வளவு ஆனது என்பதும் அதில் இருக்கட்டும். நடிகரின் மேனேஜருக்கு முதல் பிரதி. அட்டைப்பெட்டி அளவில் பெரிய செக் தூக்கிப் படம் எடுப்பதற்கு பதில், வங்கிப் பரிமாற்ற எண்ணை அந்தப் பக்கத்தின் அடியில் போட்டுவிடலாம். வீடியோவை ஏற்றும் முன் முழுதாக ஒரு முறை பாருங்கள். நடிகர் வாய் தவறி ஏதாவது ஊர், பள்ளிப் பெயர் சொல்லியிருந்தால் வெட்டிவிடுங்கள்.

நன்கொடையாளர் பட்டியலை உடனே கணினியில் ஏற்றிவிடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் அமைப்பு அதை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் தர வேண்டும், இதுவரை அதற்குக் கடைசி நாள் மே 31. அட்டையில் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஸ்ஸா ஐந்தா என்று மே 30ஆம் தேதி ராத்திரி நன்கொடையாளருக்குப் போன் போட்டுக் கேட்டவள் நான். எழுத்துதான். ஐந்தாவது இடத்தில் எண்ணே வராது என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.